சாமியில்லாத மலையில் ஒரு வளையல் வியாபாரி

மலை உச்சியில் கோபுரம் கட்டி, உள்ளே சாமி வைக்காமல், ஏறிப் பார்க்கக் காசும் வாங்குகிற ஓர் ஊருக்கு நான் போய் வந்தேன். பிராக் என்று பெயர். ஆஸ்திரியா ராஜாவின் சீமையில் இருக்கிறது. நான் போன வேலை வேறு. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் என்னைக் கண்ட நிமிஷத்திலிருந்து "எங்கள் கோபுரத்தில் ஏறினாயா, ஏறினாயா" என்று கேட்டே என் உயிரை எடுத்துவிட்டார்கள். ஏறினேன். ஏறி ஒரு சண்டையும் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன். பெரிய யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய கதை இது.

சிலோன் மலைநாட்டுப் பதுளைக் கடைவீதியில் எனக்கு வளையல் கடை. சீப்பு, ரிப்பன், சாந்துப்பொட்டு எல்லாம் உண்டு என்றாலும் கடையின் உயிர் வளையல்தான். தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் லய வீடுகளிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை என் கை ஓயாது. ஒவ்வொருத்தி கையையும் பிடித்து, கட்டைவிரல் மேட்டை அமுக்கி, எலும்பை மடக்கி, வலிக்காமல் உள்ளே தள்ள வேண்டும். ஊரான் வீட்டுப் பெண்ணின் கையை ஓர் ஆண்பிள்ளை பிடிக்கலாம், புருஷன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான், ஒரு வார்த்தை சொல்லமாட்டான். வளையல்காரனுக்கு மட்டும் உள்ள மரியாதை அது.

அந்தக் கண்ணாடி வளையல்கள் எங்கே செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பிராக்குக்கு வடக்கே உள்ள மலைக் கிராமங்களில். அங்கே உருக்கி, வளைத்து, ஒட்டி, பெட்டி பெட்டியாகக் கப்பல் ஏற்றுகிறார்கள். அந்த ஊரில் ஒரு பெண் கையிலும் வளையல் கிடையாது. என்ன அநியாயம் பாருங்கள்.

என் தங்கச்சி வள்ளியை கொஸ்லந்தையில் ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தேன். அப்பா அம்மா இல்லாத பெண், நான்தான் எல்லாம். ஏழாம் மாசம் வளைகாப்பு வைத்தார்கள். புதிதாக வந்த பெட்டியை உடைத்து, அதிலேயே நல்ல பச்சையாகப் பார்த்துப் பொறுக்கி நானே கொண்டுபோனேன். மணையில் உட்கார வைத்தார்கள். முதல் சுமங்கலி போட்ட வளையல் பட்டென்று உடைந்தது. சரி, இன்னொன்று. அதுவும் போயிற்று. மூன்றாவது உடைந்தபோது மணிக்கட்டில் ரத்தம் வந்துவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கட்டினவன் உயிரோடு இருக்கும்போது ஒருத்தி கையில் வளையல் உடைந்தால் நம்மவர்கள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"சரக்கு சரியில்லை போல இருக்கு அத்தை, வேற கொண்டாறேன்" என்றேன் வள்ளியின் மாமியாரிடம்.

"கண்ணாடியைக் குத்தம் சொல்லாதீங்க தம்பி. அந்தக் கை அப்படி. எனக்கு இருக்கறது ஒரே மகன். இந்தக் கையோட உங்க தங்கச்சி புள்ளய பெத்துக்கிட்டு அங்கயே இருக்கட்டும். இங்க திரும்பி வரவேணாம்."

அவள் பெற்ற மகன், என் மச்சான், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்? வள்ளி மணையில் உட்கார்ந்தபடியே அழுது அழுது ஏதோ சொன்னாள், யார் காதிலும் ஏறவில்லை. வள்ளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பதுளைக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த மறுவாரமே ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் கடை வாசலில் நின்று கத்தினார்கள். "என்னா கடக்காரரே, வெள்ளன பெரட்டுல பேரு குடுக்கறதுக்குள்ள அம்புட்டும் போயிருச்சு! இதுக்கா காசு வாங்குனீங்க?" பெரட்டு என்றால் காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது. அதே பெட்டி, அதே பச்சை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வியாபாரி ஒருத்தன் சரக்கு மட்டம் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கொஸ்லந்தைக்கு ஓடினேன்.

அந்த அம்மாள் அசையவில்லை. "அதுங்க மல ஏறிக் கொழுந்து பறிக்கிற கை. முட்டும், மோதும், உடையும். உங்க தங்கச்சி மணையில சும்மாதானே உக்காந்திருந்தா, அவ கை எதுல மோதுச்சு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு முடிவு எடுத்தேன். இந்த வளையலைச் செய்தவன் எவனோ, அவன் வாயாலேயே "என் சரக்குத்தான் கெட்டது" என்று சொல்ல வைக்கிறேன். அப்புறம் இந்த அம்மாள் என்ன சொல்கிறாள் பார்ப்போம். கொழும்பில் இருந்த தரகன் கையை விரித்தான், போய் அங்கேயே கேள் என்றான். கேட்கிறேனடா என்று கிளம்பிவிட்டேன்.

"அண்ணே, இதுக்காகவா கப்பல் ஏறுறீங்க?" என்றாள் வள்ளி.

"இதுக்காகத்தான்."

எந்தக் கப்பல், எந்த ரயில் என்றெல்லாம் கேட்காதீர்கள். கடல் முழுக்க வாந்தி எடுத்தவனுக்கு வழி ஞாபகம் இருக்காது.

பிராக்கில் இறங்கிய அன்றைக்கே, பெட்டியில் பேர் போட்டிருந்த வளையல் கம்பெனிக்குப் போனேன். அங்கே யோசெப் என்று ஒரு குமாஸ்தா. சென்னைப் பட்டணத்தில் கொஞ்ச காலம் இருந்தவனாம். இங்கிலீஷ் நன்றாகப் பேசினான். எனக்கும் வியாபாரத்துக்கு வேண்டிய இங்கிலீஷ் வரும், அதில்தான் பேசிக்கொண்டோம். தமிழில் 'வளையல்', 'நாளைக்கு வா' என்ற இரண்டு மட்டும் தெரிந்திருந்தன. அன்றைக்கு அவனுக்கு இரண்டாவதுதான் தேவைப்பட்டது. முதலாளி வேலையாக இருக்கிறாராம். "அதுவரை எங்கள் கோபுரத்தைப் பாருங்களேன்" என்று ஜன்னல் வழியே கையைக் காட்டினான். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு குன்று, உச்சியில் ஓர் இரும்புக் கோபுரம். பாரிஸில் இருப்பதைப் பார்த்துச் செய்ததாம், அதைவிடச் சின்னதாம். அதையும் பெருமையாகவே சொன்னான். நான் கோபுரம் பார்க்கவா வந்தேன்?

சாப்பாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் சைவம். அந்த ஊரில் சைவமாக இருப்பதற்கு நோயாளியாக இருக்க வேண்டும் போல. கறி வேண்டாம் என்றதும் பரிமாறுகிறவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. ஆவியில் வெந்த கொழுக்கட்டை ஒன்று கண்ணில் பட்டது. அட, நம்ம பண்டம் என்று ஆசையாகப் பிட்டால் உள்ளே புகை போட்ட பன்றி! அப்படியே எழுந்துவிட்டேன். மறுநாள் வேறொரு கொழுக்கட்டை, உள்ளே இனிப்புப் பழம், மேலே கசகசாத் தூள். அது நன்றாகவே இருந்தது. அதற்காக முதல்நாள் செய்ததை மன்னிக்க முடியுமா?

தேயிலை வேறு. "இது சிலோன் டீ" என்று கண்ணாடித் தம்ளரில் கொண்டுவந்து வைத்தார்கள். ஈரத்தில், அட்டைப்பூச்சிக் கடியில், பனியில் நம் சனங்கள் பறித்த கொழுந்து. அதில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒரு மூடி சாராயத்தை ஊற்றி வைத்திருந்தான் படுபாவி. குளிருக்கு நல்லது என்றான். உன் குளிருக்கு நல்லதென்றால் சாராயத்தைத் தனியாகக் குடியேன், எங்கள் தேயிலை உனக்கு என்ன கெடுதல் செய்தது என்று கேட்டேன். தமிழில் கேட்டதால் சிரித்துக்கொண்டே போனான்.

யோசெப்போடு தெருவில் நடந்தபோது என் தலைப்பாகையைப் பார்த்து ஒரு கும்பலே பின்னால் வந்தது. ஒரு கிழவர் மிக மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி ஏதோ கேட்டார். என்னவாம் என்றேன் யோசெப்பிடம். அவன் நெளிந்தான். "சர்க்கஸ் எந்த மைதானத்தில் நடக்கிறது என்று கேட்கிறார்." நான் பதுளையில் மூன்று பேருக்கு வேலை கொடுக்கிற முதலாளி ஐயா!

மறுநாள் ஒருவழியாக முதலாளி உட்காரச் சொன்னார். வெண்தாடி, பருத்த உடம்பு, நல்ல மனுஷர் போலத்தான் இருந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த துணி முடிச்சை அவிழ்த்து உடைந்த வளையல் துண்டுகளை மேஜையில் பரப்பினேன். என் தங்கச்சி கதையை ஒன்று விடாமல் சொன்னேன். யோசெப் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான். அவர் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கீழே வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டார்.

யோசெப் சொன்னான்: "கண்ணாடி என்றால் உடையத்தான் செய்யும் என்கிறார். உங்கள் பெண்கள் அளவுக்குச் சின்னதாக வாங்கித் திணிக்கிறார்களாம், கையும் முரடாம். குறை கையில் இருக்கிறது, கண்ணாடியில் இல்லை என்கிறார்."

கொஸ்லந்தை அம்மாள் எனக்கு முன்னாலேயே கப்பல் ஏறி வந்து இந்த ஆளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டாளா? வார்த்தைக்கு வார்த்தை அதையேதான் சொல்கிறார். "ஏழு மாசக்காரி கையில முரட்டுத்தனம் எங்கிருந்துய்யா வரும்?" என்று கத்தினேன். அவர் பதறாமல் கடிகாரத்தைப் பார்த்தார். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு கோபுரத்துக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள், மனசுக்கு நல்லது என்றார். மனசுக்கு நல்லதாம்! போகவேண்டாம் என்றுதான் பட்டது. ஆனால் ஆளை விட்டால் பிடிக்க முடியாது. அதே பெட்டியில் உடையாமல் மிச்சமிருந்த வளையல்கள் ஒரு தகர டப்பாவில் பஞ்சு சுற்றி என்னிடம் இருந்தன. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதலாளி, அவருடைய பதினெட்டு இருபது வயது மகள், யோசெப், நான். குன்றில் ஏற ஒரு குட்டி ரயில். மேலே நிற்கிற பெட்டியில் தண்ணீரை நிரப்பினால் அது கனத்துக் கீழே வரும், கீழே இருக்கிற பெட்டி மேலே ஏறும். தண்ணீர் நிரம்புகிற வரை கீழே குந்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பண்டாரவளை ஏற்றத்தில் நம்ம மாடுகள் மூச்சு வாங்கினாலும் நடந்துகொண்டாவது இருக்கும். இங்கே பெட்டிக்குள் உட்கார்ந்து விறைத்துப் போனேன். முதலாளி யந்திரத்தின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது.

மேலே இறங்கினால் பாதையோரம் சின்னச் சின்ன சந்நிதிகள். சிலுவை சுமக்கிற சாமியின் படங்கள். கிழவிகள் ஒவ்வொன்றிலும் நின்று கும்பிட்டுப் போனார்கள். பக்கத்தில் ஒரு கோயிலும் இருந்தது. ஓகோ, மலைக்கோயில்தான், இவர்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாம் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள், மலைமேல் கோபுரத்தைக் கண்டால் கால் தானாகவே செருப்பைக் கழற்றும். கோபுர வாசலில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தேன். வள்ளிக்காக மனசுக்குள் வேண்டிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஏறினேன்.

இரும்புப் படி. பனிக்கட்டியை மிதிப்பது போல உள்ளங்கால் சுண்டியது. ஏறுகிறவர்களுக்கு ஒரு சுற்றுப்படி, இறங்குகிறவர்களுக்கு ஒரு சுற்றுப்படி, வளைந்து வளைந்து போகிறது. காற்று அடித்தால் கோபுரமே ஆடுகிறது. நான் முருகா முருகா என்றேன், பின்னால் முதலாளி புஸ் புஸ் என்றார். உச்சிக்குப் போய்ப் பார்க்கிறேன், ஒன்றுமே இல்லை! விளக்கில்லை, சிலை இல்லை, ஒரு கல் கூட இல்லை. ஜன்னலும் கம்பியும், தூரப்பார்வைக் கண்ணாடி வைத்துக்கொண்டு நாலு பேரும்.

"சாமி எங்க?" என்றேன் யோசெப்பிடம்.

"சாமியா? இது ஊரைப் பார்ப்பதற்குக் கட்டியது."

"ஊரைப் பாக்க ஊருக்குள்ள போனா போதாதா? இதுக்கா இவ்வளவு இரும்பு?"

அவன் அதை மொழிபெயர்க்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, கீழே அழகாகத்தான் இருந்தது. சிவப்பு ஓடு, ஆற்றின் மேல் பாலம் பாலமாக, குன்றுச் சரிவெல்லாம் வெள்ளைப் பூ. ஆனால் என் கால் எரிந்தது, அதைவிட நெஞ்சு எரிந்தது. ரசிக்கிற நிலையிலா இருந்தேன்?

முதலாளியின் மகள்தான் பேச்செடுத்தாள். அப்பா ஆயுசு முழுக்க வளையல் விற்கிறார், அதை எப்படிப் போடுவார்கள் என்று நான் பார்த்ததே இல்லை, காட்டுவீர்களா என்று கேட்டாளாம். டப்பாவை எடுத்தேன். பஞ்சை விலக்கியதும் அவள் முகம் மலர்ந்தது, கையை நீட்டிவிட்டாள். நான் பிடிக்கப் போனதும் முதலாளியின் தாடி துடித்தது. அவரைப் பார்த்து யோசெப்பிடம் சொன்னேன்: "வளையல்காரன் கை இது. இதுல பேதம் பாக்கக்கூடாதுன்னு சொல்லு."

அவர் சரியென்று தலையை ஆட்டினார். நான் அந்தப் பெண்ணின் கையை வாங்கினேன். பஞ்சு மாதிரி கை, ஒரு வேலையும் தெரியாத கை. மேட்டை அமுக்கி, எலும்பை மடக்கி, ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். வலிக்கவே இல்லை என்று ஆச்சரியப்பட்டாள். எனக்கும் ஆச்சரியந்தான், ஒன்றும் உடையவில்லையே! இவ்வளவு தூரம் வந்தது வீண்தானோ?

அவள் கையை ஆட்டினாள். வளையல் குலுங்கிய சத்தத்தில் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே கையைக் கொண்டுபோய்க் கம்பி மேல் வைத்தாள். வைக்கத்தான் வைத்தாள், மோதவில்லை. பட், பட் என்று இரண்டு வளையல் தெறித்தது. "ஆ!" என்றாள். மணிக்கட்டில் ரத்தம்.

முதலாளி பாய்ந்து வந்தார். மகள் கையைப் பற்றிக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு, முகம் சிவக்கக் கத்தினார். யோசெப் பழக்கதோஷத்தில் அப்படியே எனக்கு மொழிபெயர்த்துவிட்டான்: "என்ன கழிசடைச் சரக்கு இது! சூளையிலிருந்து எடுத்து ஒழுங்காக ஆற வைக்கவில்லை! எந்த மடையன் செய்தது?"

"யோசெப்பு, என்ன சொன்னாரு? இன்னொரு தரம் சொல்லு."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான். நான் முதலாளிக்கு நேராகப் போய் நின்றேன்.

"ஐயா, உம்ம மக கையில உடைஞ்சா கண்ணாடி மட்டம். என் தங்கச்சி கையில உடைஞ்சா கை மட்டமா? உம்ம மகளைப் பாத்து 'உன் கை முரடு'ன்னு சொல்லுமே பாப்போம்! சொல்லும்! யோசெப்பு, ஒரு வார்த்தை விடாம சொல்லுடா. விட்டே, இங்கேருந்து இறங்க விடமாட்டேன்!"

அவன் சொன்னான். ஒரு வார்த்தை விடவில்லை. கோபுரத்தில் இருந்தவர்கள் தூரப்பார்வைக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பெண் அப்பாவிடம் ஏதோ கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். 'நேற்று இவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?' என்று கேட்டாளாம். யோசெப் பிற்பாடு சொன்னான்.

முதலாளி தொப்பியைக் கழற்றினார். காற்றில் அவருடைய நரைமுடி பறந்தது. சரக்கு கெட்டது, உங்கள் சகோதரி கையில் ஒரு குற்றமும் இல்லை, நான் பேசியது தவறு என்றார். அந்தச் சூளைச் சரக்கு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் புதுப் பெட்டிகள் அனுப்புவதாகவும் சொன்னார். பெட்டி கிடக்கட்டும் ஐயா, அந்த முதல் வார்த்தைக்குத்தான் வந்தேன் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள், நடுவில் வெறுங்காலோடு தலைப்பாகைக்காரன் ஒருவன் விம்மி விம்மி அழுகிறான். அப்போது பார்த்திருந்தால் அந்தக் கிழவர் சர்க்கஸ் இதுதான் என்றிருப்பார்.

கீழே வந்தால் பூட்ஸைக் காணோம். சீட்டுக் கொடுக்கிறவன் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, பத்திரமாகப் பார்த்துக்கொண்டதற்குக் கூலி கேட்டான்! கோயிலும் இல்லை, சாமியும் இல்லை, செருப்புக்குக் கூலி மட்டும் உண்டு. அவனோடு போட்ட சண்டையை எழுதினால் நீளும்.

நான் பதுளைக்கு வந்து சேர்ந்தபோது வள்ளிக்குப் பெண் குழந்தை பிறந்து தொட்டிலும் போட்டாயிற்று. கொஸ்லந்தையிலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கடைவீதியில் ஆள் ஆளாக நிறுத்திக் கதையைச் சொன்னேன். கதைக்குக் கால் முளைத்தது. வெள்ளைக்கார முதலாளி கோபுரத்து உச்சியில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான் என்கிற அளவுக்கு வளர்ந்து கொஸ்லந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் திருத்தவில்லை.

பத்து நாளுக்குள் அந்த அம்மாள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். தட்டில் பழம், கற்கண்டு, குழந்தைக்குச் சட்டை. முகமெல்லாம் சிரிப்பு.

"வெள்ளக்காரனே வாயால சொல்லிட்டானாமே தம்பி! அப்பறம் என்ன இருக்கு? எல்லாம் அந்தக் கண்ணாடி செஞ்ச வேலை. வள்ளி, நாளைக்கு நல்ல நாளு. புள்ளய எடுத்துக்கிட்டுக் கெளம்பு தாயி."

எனக்கு மனசு பூரித்துப் போயிற்று. ஜெயித்துவிட்டேனே! இதற்குத்தானே கடல் தாண்டினேன்? வள்ளி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

"அத்தை, அன்னைக்கு மணையில உக்காந்துகிட்டு நானும் அதைத்தான் சொன்னேன். அழுது அழுது சொன்னேன். உங்க காதுல ஏறல. கடலுக்கு அந்தாண்ட, என் மூஞ்சிகூடத் தெரியாத ஒருத்தன் சொன்னாத்தான் என் கை நல்ல கையா? அந்த ஆளு சொல்லாமப் போயிருந்தா நானும் எம்புள்ளையும் என்ன ஆயிருப்போம்?"

அந்த அம்மாளின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நான் வரலை. கூப்பிடணும்னு இருந்தா கட்டுனவரு வந்து, அவரு வாயால கூப்பிடட்டும்."

அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "என்ன தம்பி, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தங்கச்சிக்குப் புத்தி சொல்லுங்க."

எவ்வளவு தூரம் போனேன், எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கத்தினேன்! வள்ளி கேட்ட இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே. நான் அந்த முதலாளியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன், இவள் யார் வாயையும் பார்க்கவில்லை.

"இலை போடச் சொல்றேன் அத்தை," என்றேன். "சாப்பிட்டுட்டு வெளிச்சம் இருக்கும்போதே கெளம்பிருங்க. ஹாலிஎல தாண்டிட்டா ரோடு மோசம்."